கை போகாத இடம்

மூடுபனி இறங்கிவிட்டால் துறைமுகத்தில் வேலை கிடையாது. ஆனாலும் கிரேன் ஓட்டும் உச்சாணி, ஏணியில் ஏறிப் போய்க் கேபினில் உட்கார்ந்துவிடுவார். பனி விலகும் நேரத்தில் மேலே ஆள் இருக்க வேண்டும். அதுதான் முறை.

கேபினின் தரை கண்ணாடி. மற்ற நாட்களில் காலுக்குக் கீழே கப்பல் தெரியும், அடுக்கிய இரும்புப் பெட்டிகள் தெரியும், மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள் தெரிவார்கள். பனி நாளில் வெறும் வெள்ளை. அவருடைய பூட்ஸ் இரண்டும் அந்த வெள்ளையின் மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல் இருக்கும். இரண்டு கைப்பிடிகளின் மேலும் கையை வைத்துக்கொண்டு, எதையும் தூக்காமல், தூக்கமும் விழிப்பும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

அப்போது ரொட்டி வாசனை வரும்.

துறைமுகத்துக்குப் பின்னால், கப்பல் சங்கிலி விற்கும் கடைகளைத் தாண்டி, அவர் மனைவியின் ரொட்டிக்கடை. பனி எதை மறைத்தாலும் அந்த வாசனையை மறைப்பதில்லை. அது வருகிற பக்கம்தான் வீடு. அப்படித்தான் அவர் திசை பார்ப்பார்.

ஒரு பனிக் காலையில் வாசனை வரவில்லை.

வாக்கி-டாக்கியை எடுத்தார். கீழே நிற்பவன் மனைவியின் தம்பி. கொக்கி எங்கே இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கையால் காட்டுவது அவன் வேலை. எல்லாருக்கும் அவன் பெயர் கைகாட்டி.

"மச்சான், உங்க அக்கா கடை திறக்கலையா?"

"நான் வர்றப்ப ஷட்டர் பாதி தூக்கியிருந்துச்சு மாமா."

"வாசனை வரல."

"மூக்கு அடைச்சிருக்கும். பனி."

"என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. ஓடிப்போய்ப் பாரு."

கைகாட்டி போய்ப் பார்த்தபோது அவள் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் மாவைவிட வெளுத்திருந்தது. தொட்டியில் பிசைந்த மாவு பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதைக் கண்டதும்தான் அவனுக்குப் பயம் வந்தது. மாவு வழிய விட்டவள் இல்லை அவள்.

ரொம்ப நாளாக ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

*

பெரிய டாக்டருக்கு அகலமான கை. அதை அவள் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, எங்கோ தொலைவில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் போல நின்றார். உச்சாணிக்கு அந்தக் கையைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிட்டது. பேசாமல் இவரிடமே விட்டுவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்தார்.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு பெரிய டாக்டர் மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளரைக் காலி செய்தார்.

"இதுதான் உங்க இடுப்பெலும்புன்னு வச்சுக்குங்க. கட்டி இதோட அடியில இருக்கு. குடல் முடியற இடத்துல." தன் கையை டம்ளருக்குள் விட்டார். விரல் முட்டியில் மாட்டிக்கொண்டது. "பாத்தீங்களா? வயித்தத் திறந்து பண்றதுதான் என் வழக்கம். தொட்டா எனக்குத் தெரியும். எது கட்டி, எது நல்ல சதை, எது எதோட ஒட்டியிருக்குன்னு. ஆனா இவ்வளவு கீழ என் கை போனா, என் கண்ணு போக இடம் இருக்காது."

"அப்ப?" என்றார் உச்சாணி.

"நம்ம ஆஸ்பத்திரியிலயே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. ரோபோ வச்சுப் பண்றாங்க. என்கிட்டப் படிச்ச பொண்ணுதான். கீழ்ப்பகுதியக் காப்பாத்தி, குடலத் திரும்ப இணைக்க அவங்ககிட்ட வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல்னு நெனைக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன். என் கையில விட்டா கீழ எல்லாத்தையும் எடுத்துட்டு, ஆயுசுக்கும் வயித்துல பை வைக்க வேண்டி வரலாம்."

"பைன்னா?" என்றாள் அவள்.

"வயித்துல ஒரு வாய் வச்சு, மலம் அது வழியா வந்து ஒரு பையில சேரும்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் எவ்வளவு கழுவினாலும் போகாத மாவு.

"நான் ரொட்டி சுடறவ, டாக்டர்."

"பை வச்சவங்க எல்லா வேலையும் செய்யறாங்கம்மா. சமையலும் செய்யறாங்க."

"செய்யறாங்க சரி. வாங்கறாங்களா?"

பெரிய டாக்டர் டம்ளரைக் கழற்றி மேசையில் வைத்தார்.

*

"மிஷின் வேண்டாம்," என்றார் உச்சாணி.

கடையின் பின்னறை. அடுப்பு அணைந்து வெதுவெதுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. வேலை செய்யக் கூடாது என்று சொல்லியும் அவள் மாவுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைகாட்டி முந்தின வாரத்து ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"யாரு சொல்றது பாரு. பொழுதுக்கும் மிஷினுக்குள்ள உக்காந்திருக்கறவரு," என்றாள்.

"உக்காந்திருக்கறதாலதான் சொல்றேன். மேல இருக்கறவனுக்குக் கீழ நடக்கறது ஒரு மண்ணும் தெரியாது."

"இதுக்கு என் சைக்கிளே சாட்சி," என்றான் கைகாட்டி.

சைக்கிள் கதை துறைமுகம் முழுக்கத் தெரிந்த கதை. கைகாட்டி தன் புது சைக்கிளை ஒரு பெட்டியின் ஓரமாகச் சாய்த்துவிட்டு, அது அங்கே இருப்பதையே மறந்து, அதே இடத்துக்கு இறக்கு இறக்கு என்று மாமாவுக்குக் கை காட்டினான். உச்சாணி இறக்கினார். பெட்டி பூப்போல உட்கார்ந்தது. கைப்பிடியில் ஒரு நடுக்கம் இல்லை. அடுத்த பெட்டிக்குக் கொக்கியைத் திருப்பியபோதுதான் வாக்கி-டாக்கியில் அழுகைச் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கினால் அடியில் சைக்கிள் படமாகக் கிடந்தது. கைகாட்டி அதை வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். வருகிறவர்களிடம், "எங்க மாமா வரைஞ்சது," என்பான்.

"சிரிக்காத," என்றார் உச்சாணி. "ஒரு முழு சைக்கிள். நொறுங்கறது என் கையில தெரியல. அந்த டாக்டரம்மாவும் அப்படித்தானே எங்கேயோ உக்காந்துக்கிட்டு இழுக்கப் போறாங்க? உள்ள இருக்கறது இரும்புப் பெட்டி இல்ல, உன் குடல். பெரிய டாக்டர் கையப் பாத்தியா? எவ்வளவு நல்ல கை."

"கையப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?" அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "காலையில ஒரு கை, மத்தியானம் வேற கை. காலையில இந்தக் கைக்கு எல்லாம் தெரியும். மாவுல தண்ணி ஒரு சொட்டுக் கூடினாத் தெரியும். மத்தியானம் மரக்கட்டை. நடுங்கும். அப்புறம் இந்த டின்னு." நீள ரொட்டி வார்க்கும் தகர அச்சு ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இதோட மூலையில ஒட்டினத எடுக்க என்னிக்காவது என் விரல் போயிருக்கா? குச்சிதான் போகும். குச்சிய விட்டு, விளக்க வச்சுப் பாத்து, மெதுவாக் கிளறணும். கைய விட்டுக் குடைஞ்சா ரொட்டி பிஞ்சு வரும்."

"அது ரொட்டி."

"இது நானு. எனக்குப் பை வேண்டாம். அவ்வளவுதான்."

"பை வந்தா என்ன இப்ப? உயிரோட இருந்தாப் போதாதா?"

"வயித்துல அதக் கட்டிக்கிட்டு இந்தத் தொட்டி முன்னால நிக்கச் சொல்றீங்களா? தெருவுல ஒருத்திக்குத் தெரிஞ்சாப் போதும். கடைய மூடிட்டு உங்க கேபின்ல வந்து உக்கார வேண்டியதுதான்."

"ஏணி ஏற மாட்டக்கா நீ," என்றான் கைகாட்டி.

"நீ தின்னதுக்கு டம்ளரக் கழுவு."

அவன் கழுவினான். கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "மாமா, ஒரு விஷயம்," என்றான். "அன்னிக்குத் தப்பா இறக்கச் சொன்னது நான். கிரேன் இல்ல. நீங்களும் இல்ல."

டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"அந்த டாக்டரம்மாவுக்கும் ஒரு கைகாட்டி இருப்பானில்ல? அவன் எப்படின்னு கேளுங்க."

*

டாக்டரம்மா குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் பாவவில்லை. பேசும்போது கை எதையும் தொடவில்லை, சும்மா மடியில் கிடந்தது. உச்சாணி அதைக் கவனித்தார். கிரேன் ஓட்டுகிறவர்களும் இறங்கி வந்ததும் அப்படித்தான் கையைப் போட்டு வைப்பார்கள்.

"நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டார்.

"அதே அறையில, ஒரு மூலையில. பெட்டி மாதிரி ஒண்ணுக்குள்ள முகத்த வச்சுக்குவேன். உள்ள இருக்கறது பெருசா, ஆழமாத் தெரியும். அவங்க வயித்துக்குள்ள நானே நிக்கற மாதிரி."

"அவ பக்கத்துல?"

"மிஷினோட கை நாலு இருக்கும். சின்னச் சின்னத் துளை வழியா உள்ள போகும். மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும். நடுங்காது. அந்தக் குறுகல்ல போய் வேலை செய்ய அதுதான் வசதி. சிறுநீருக்குப் போற நரம்பு முடி மாதிரி இருக்கும், அதையும் பாத்து ஒதுக்கலாம். பெரிய காயம் இல்லாததால வலி கம்மி, ரத்தம் கம்மி, சீக்கிரம் எழுந்து நடப்பாங்க."

"நல்லதெல்லாம் சொல்லிட்டீங்க."

டாக்டரம்மா சிரித்தாள். "கெட்டதும் சொல்றேன். நேரம் அதிகமாகும். அதுவரைக்கும் தலை கீழ, கால் மேல சாய்ச்சுப் படுக்க வைக்கணும். முகம் வீங்கும், தோள் வலிக்கும். நோய் திரும்ப வராம இருக்கறதுல இது மத்த வழியவிட உசத்தின்னு நான் சொல்ல மாட்டேன். ஏறக்குறைய ஒண்ணுதான்."

"இழுக்கறது, புடிக்கறது கையில தெரியுமா?"

"தெரியாது."

அவ்வளவு நேராகச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சில புது மிஷின்ல கொஞ்சம் தெரியுதாம். எங்களோடதுல சுத்தமாத் தெரியாது."

"பின்ன எப்படி?"

"பாத்துத்தான். சதைய இழுக்கும்போது வெளுத்துச்சுன்னா அதிகமா இழுக்கறேன். நூல் தட்டையாச்சுன்னா இன்னும் கொஞ்சத்துல அறுந்துடும். இதெல்லாம் பழகப் பழக..." அவள் நிறுத்தி, சரியான வார்த்தையைத் தேடினாள். "கையில தெரியற மாதிரியே ஆகிடும். கண்ணுதான் பாக்குது. ஆனா கனம் விரல்ல தெரியும்."

உச்சாணி சன்னல் பக்கம் பார்த்தார். கம்பிவடம் விறைக்கும்போது அதிலிருந்து துரு பொடிப்பொடியாக உதிரும். பெட்டியின் நிழல் அதன் அடியை விட்டு ஒரு விரல் நகரும். அந்த நொடி அவர் தோள்பட்டையில் கனம் ஏறும். தோளில் எதுவும் கிடையாது. இத்தனை வருஷமாக ஏறுகிறது.

"பனி வந்தா?" என்றார்.

"என்னது?"

"அவருக்குப் பனி வந்தா வேலை இல்ல டாக்டர்," என்றாள் மனைவி. "கீழ தெரியாது. அதான் கேக்கறாரு."

டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. "வரும். ரத்தம் கசிஞ்சு கேமரா கண்ணாடிய மறைக்கும். நிறுத்திடுவேன். துடைச்சுப் பாப்போம். தெளியலன்னா நான் எழுந்து, கை கழுவிட்டு வந்து, வயித்தத் திறந்து என் கைய வைப்பேன். அப்படி ஆகவே ஆகாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

"உங்க கைகாட்டி யாரு?"

"இருக்காரு. அவங்க பக்கத்துலயே நிப்பாரு. மிஷினோட கை வெளிய எங்க இடிக்குதுன்னு எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். அவர் நிறுத்துன்னா நான் நிறுத்தணும். பெரிய டாக்டரே சொன்னாலும் அதுக்கப்புறம்தான்."

உச்சாணி தலையாட்டினார். தோள் கொஞ்சம் இறங்கியது.

"பை?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவளை நேராகப் பார்த்தாள். "உள்ள இணைச்ச தையல் ஆறணும். அதுவரைக்கும் மலம் அந்தப் பக்கம் போகாம இருக்க, மேல ஒரு பை வைக்க வேண்டி வரலாம். ஆறினதும் எடுத்துடலாம். இதுல மிஷின் பண்ணாலும் கை பண்ணாலும் ஒண்ணுதான். உள்ள போய்ப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்."

"வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லலாம். தையல் விட்டுப்போச்சுன்னா உயிருக்கு ஆபத்து."

வெளியே வந்து படியிறங்கும்போது அவள் சொன்னாள். "நான் கண்ணு முழிச்சதும் அது இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லக் கூடாது. நானே பாத்துக்கறேன்."

*

அன்றைக்கும் பனி. துறைமுகத்தில் கப்பல்கள் ஒன்றை ஒன்று தேடுவது போல ஊதிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவின் சன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. வராந்தாவே எங்கோ மிதந்துகொண்டிருந்தது. செருப்புச் சத்தங்கள் வந்தன, போயின.

"எவ்வளவு நேரம் மாமா?"

"ஆகும்னு சொன்னாங்கல்ல."

"ஏதாவது தின்னுங்க."

"நீ தின்னு."

"ஆஸ்பத்திரி ரொட்டி. அக்கா பாத்தா அடுப்புல போடும்." ஆனாலும் தின்றான்.

உச்சாணி கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் கேபின் வந்தது. காலடியில் வெள்ளை. வெள்ளைக்குள் எங்கோ அடியில் அவள் தலைகீழாகச் சாய்ந்து கிடக்கிறாள். நான்கு கைகள் மெல்ல இறங்குகின்றன. யாரோ கையைக் காட்டுகிறார்கள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவருடைய விரல்கள் தொடை மேல் அசைந்தன. கைகாட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் போய் வெகுநேரத்துக்குப் பிறகு கதவின் கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரம்மா தெரிந்தாள். பச்சைத் தொப்பி. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

உச்சாணி எழுந்தார். எழுந்தவர் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான். கையக் கோத்துக்கிட்டு நிக்கறாங்க."

கைகாட்டிக்கும் முகம் மாறியது. துறைமுகத்தில் கையைக் கோத்து வயிற்றுக்கு முன்னால் வைத்தால் ஒரே அர்த்தம். எல்லாவற்றையும் நிறுத்து. எவனும் எதையும் தொடாதே. அவன் அதை இரண்டே தடவைதான் காட்டியிருக்கிறான். இரண்டு தடவையும் கீழே ஆள் செத்துக் கிடந்தான்.

கதவு திறந்தது. டாக்டரம்மா வந்து இவர்கள் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு? நல்லா இருக்காங்க. முடிஞ்சுது."

"கை..." என்றார் உச்சாணி.

"கையா? வலிக்குது. காலையிலேர்ந்து." அவள் கோத்த விரல்களைப் பிரித்து உதறினாள். "நடுவுல உங்க பனி வந்துச்சு. ரொம்ப ஆழத்துல. கண்ணாடி முழுக்க சிவப்பு. நிறுத்திட்டேன். எழுந்து கை கழுவிட்டு வரணும்னே நெனச்சேன். பக்கத்துல நின்னவரு, இருங்க, ஒரு நிமிஷம்னாரு. அழுத்திப் பிடிச்சுக்கிட்டாரு. காத்திருந்தோம். தெளிஞ்சுது."

கைகாட்டி மூக்கை உறிஞ்சினான்.

"கட்டிய முழுசா எடுத்துட்டேன். கீழ்ப்பகுதியக் காப்பாத்தியாச்சு. குடல இணைச்சாச்சு. ஆனா தையல் ரொம்பக் கீழ இருக்கு. பை வச்சிருக்கேன். கொஞ்ச மாசத்துக்கு."

*

கண் விழித்தபோது அவள் முகம் வீங்கி வேறு யாரோ போல் இருந்தாள்.

"உங்க கேபின்ல உக்காந்திருந்தேன்," என்றாள். நாக்கு குழறியது. "ஏணி ஏறினது ஞாபகம் இல்ல. கீழ பூரா மாவு. வெள்ளையா. யாருமே பிசையல."

"சரி. பேசாத."

போர்வைக்கு அடியில் அவள் கை நகர்ந்தது. வயிற்றின் மேல் ஊர்ந்து, வலப்பக்கம் போய், பிளாஸ்டிக் சரசரக்க, நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சூடு பட்டது போல வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

நர்ஸ் வந்து பை மாற்றச் சொல்லிக்கொடுத்தாள். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கற்றுக்கொண்டது உச்சாணிதான். பைக்கு அடியில், சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன வாய்.

"தொடலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா. மெதுவாத் துடைங்க. வலிக்காது. அதுக்கு உணர்ச்சி கிடையாது. நீங்க தொட்டா அதுக்குத் தெரியாது."

"என் கொக்கி மாதிரி," என்றார் உச்சாணி.

நர்ஸுக்குப் புரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவளின் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பா, மற்றதா, தெரியவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி அவள் சீக்கிரமே எழுந்து நடந்தாள். வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள், கட்டியை வெளியே எடுத்த இடத்தில் மட்டும் விரல் நீளக் கோடு. வலி குறைவுதான். தோள் மட்டும் கொஞ்ச நாள் படுத்தியது. வீட்டுக்கு வந்துவிட்டாள். நடந்தாள், பேசினாள், கைகாட்டியைத் திட்டினாள். கடைக்குள் மட்டும் போகவில்லை.

மூடிய ஷட்டரைத் தட்டி ஆட்கள் கேட்டார்கள். "ரொட்டி எப்போ?"

"கனமாத் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்பாள்.

"மூட்டைய நான் தூக்கறேன். மாவ மச்சான் பிசையட்டும். நீ பக்கத்துல நின்னு சொல்லு," என்றார் உச்சாணி.

"எத வச்சுச் சொல்றது? தொடாம எனக்கு மாவு தெரியாது."

"தொடு. யாரு வேண்டாம்னது?"

அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "இந்தக் கையாலயா?"

"அந்தக் கை எங்கேயும் போகலையே. எல்லாத்தையும் என் கைதானே செய்யுது. அப்படிப் பாத்தா நான்தான் கைப்பிடியத் தொடக் கூடாது."

"உங்க பெட்டிய யாரும் தின்னப் போறதில்ல."

பூட்டிய கடையிலிருந்து மக்கிய மாவு வாடை வரத் தொடங்கியது.

*

பை மாற்றும் நேரம். சன்னல் வழியாகப் பனி வெளிச்சம் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. வெந்நீர், துணி, புதுப் பை எல்லாம் வரிசையாக வைத்துவிட்டு உச்சாணி பழைய பையை உரித்தார். அவள் வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

துடைத்து முடித்தவர், துணியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டிருக்கேன். தானா அசையுது."

"அசிங்கம்."

"அசிங்கம் இல்ல. உன் தொட்டியில மாவு பொங்கறப்ப நடுவுல லேசா மூச்சு விடுமே. அப்படி."

"பொய்," என்றாள்.

"நீயே பாரு."

"பாக்க மாட்டேன்."

"பாக்க வேண்டாம். உனக்குத்தான் கண்ணு தேவையில்லையே. கையக் குடு."

"ஐயோ, விடுங்க."

"நான் புடிக்க மாட்டேன். உன் கை. நீதான் ஓட்டணும். நான் கீழ நிக்கறேன். சொல்றேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கை முந்தானையை விட்டு வெளியே வந்தது. காற்றில் நின்றது.

"வலது பக்கம்," என்றார் உச்சாணி. வேலையில் கைகாட்டி பேசுகிற அதே குரல். "இன்னும் வலது. நில்லு. இப்ப இறக்கு."

கை இறங்கியது.

"மெதுவா. இறக்கு. இன்னும். நில்லு. காத்துக்கு ஆடுது. ஆட்டம் நிக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது. "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது."

"பெட்டி ஆடுது, சிரிக்காத. சரி. இறக்கு. ஒரு விரல். ஒரு நூல். வச்சிடு."

நடுவிரலின் நுனி பட்டது. அவள் மூச்சைப் பிடித்தாள். விரல் விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த விரலும் இறங்கியது. பிறகு விரல்கள் தாமாகவே சுற்றி வந்தன, அழுத்திப் பார்த்தன, விட்டுப் பார்த்தன. அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்த விரல்களுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சூடா இருக்கு," என்றாள்.

"ம்."

"தண்ணி கொஞ்சம் கூடிப்போன மாவு மாதிரி இருக்கு."

"ம்."

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியல."

"அதுக்கு எதுக்குத் தெரியணும்? உன் விரலுக்குத் தெரியுதில்ல."

அவள் கண்ணைத் திறந்தாள். கூரையைத்தான் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கீழே பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

*

மறுநாளும் பனி விடவில்லை. உச்சாணி ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்தார். காலடியில் வெள்ளை. கைப்பிடிகள் சில்லென்று இருந்தன. கப்பல்கள் ஊதின. எது கடல், எது கரை என்று சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது அவள் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று முழங்கை வரை கை கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக, நகக்கண் நகக்கண்ணாக, டாக்டர்கள் கழுவுவது போலக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் தெருமுனை வரை அவர் பின்னால் வந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மாமா, ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"இங்கேயும் அப்படித்தான். என் கையே எனக்குத் தெரியல."

"காத்திரு."

காத்திருந்தார்கள். உச்சாணி கண்ணை மூடினார். மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூங்கிவிட்டாரோ என்னவோ. ஏதோ ஒன்று கன்னத்தைத் தொட்டது போல் இருந்து, தலையை இடப்பக்கம் திருப்பினார். சங்கிலிக் கடைகளின் பக்கம். வீட்டின் பக்கம்.

முதலில் லேசாக வந்தது. அடுப்புக் கரி. பிறகு மாவு சிவக்கும் வாசனை.

"மாமா?" என்றது வாக்கி-டாக்கி. "மாமா, மேல உங்களுக்கு..."



"வருது மச்சான்," என்றார் உச்சாணி. "கொஞ்சம் கருகுது. போய்ச் சொல்லு."